சனி இல்லாத கட்டு

ராசு கிளிக்கூண்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதே நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. அம்மா மண்டபப் படித்துறையில் கிளி ஜோசியம் சொல்பவர் அவர், கூட்டம் வருகிற நேரத்தில் தொழிலை விட்டுவிட்டு யார் வீட்டையும் தேடிப் போகமாட்டார்.

"சூசை அய்யா போயிட்டாருங்க. காலையில. ரெண்டு மாசமாவே காலு வீங்கியிருந்துச்சு. டாக்டர்கிட்ட போவோம் வாங்கன்னு பாலக்கரைக்கே போயி கூப்பிட்டேன். 'தானே விலகும் ராசு'ன்னு சொல்லிச் சிரிச்சாருங்க."

அந்த 'தானே விலகும்' காதில் விழுந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். வயதானவர், துக்கம் தாளவில்லை என்று ராசு நினைத்திருப்பார். செம்பில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

நம் அச்சகத்தில் மரியசூசையோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. பெருமைப்படும் விஷயம் இல்லை.

மாதாவுக்கு முன் முழங்காலிட்டு வளர்ந்த அந்த மனிதர்தான் திருச்சி வட்டாரத்துக்கே வைகுண்டம் வரைந்து கொடுத்தார். மார்கழியில் ஸ்ரீரங்கத்துக் கடைகளில் தொங்கும் பரமபதப் படம் அவர் கைவேலை. படம் அவருடையது, கட்டங்களுக்குள் வரும் எண்ணும் எழுத்தும், அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரான என்னுடையவை. "அய்யங்காரே, உங்க சொர்க்கத்துக்கு ஏணி போட்டே எனக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. மேலே போனா எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வையுங்க" என்பார். "உமக்கு இல்லாமலா ஓய்! துவாரபாலகர் பக்கத்துலயே ஸ்டூல் போடச் சொல்றேன்" என்பேன். நல்ல நாட்கள் அவை.

கிளி ஜோசியர்களுக்கான சீட்டுக்கட்டும் அப்படித்தான். முன்பக்கம் அவர் வரைந்த முருகன், லட்சுமி, மாதா, பிறைக்கொடி போட்ட பள்ளிவாசல், காக்கை மேல் சனீஸ்வரன். பின்பக்கம் நான் கோத்த இரண்டு வரிப் பலன். கட்டு வாங்க வருகிறவர்கள் படத்தின் கலரைப் பார்த்துப் பொறுக்குவார்கள். சூசை விடமாட்டார். "நீங்க பொறுக்கி என்ன புண்ணியம்? கூண்டைத் திறந்து விடுங்க. எந்தக் கட்டுல மூக்கு வழுக்காம கிளி சீட்டை இழுக்குதோ, அதுதான் உங்க கட்டு." ராசுவின் கிளி ஒருமுறை நான்கு கட்டுகளைத் தள்ளிவிட்டு, நான் கையில் வைத்திருந்த புரூப் தாளைக் கொத்தியது. அன்று அவர் சிரித்த சிரிப்பு மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

எழுபதுகளின் நடுவில் அவர் மனைவி லூர்துமேரிக்கு வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அந்த அம்மாளுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: கிளி நல்ல சீட்டு எடுத்தால் படுத்துக்கொள்கிறேன், ஆனால் பங்குச் சாமியார் காதுக்குப் போகக்கூடாது.

சூசை என் எழுத்துக் கேஸ் அருகில் வந்து நின்றார். "அய்யங்காரே, ஒரு கட்டு எடுங்க. கெட்டதையெல்லாம் உருவிடுங்க. அவளுக்கு தைரியம் வந்தா போதும்."

நான் சீட்டுகளைப் படம் தெரியப் பரப்பினேன். சனி, ராகு, கேது, சுடலை, எமன் என்று ஐந்தை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எந்தச் சீட்டையும் திருப்பிப் பார்க்கவில்லை. அவ்வளவும் நானே கோத்த பலன்கள்தான். ஆனால் கம்பாசிட்டர் எழுத்தைப் பார்ப்பானே தவிர, என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. பின்பக்கத்தை நான் கோத்ததால் அவர் படித்ததில்லை, நான் கோத்ததாலேயே நானும் படித்ததில்லை.

அந்தக் கட்டோடு ராசு பாலக்கரையில் சூசை வீட்டுக்குப் போனார். கிளி மாதாவை எடுத்தது. லூர்துமேரி அழுதேவிட்டாராம். ராசு சீட்டைத் திருப்பிப் படித்தார்: 'பிணி தானே விலகும். கவலை வேண்டாம்.'

"தானே விலகும்னு மாதாவே சொல்லிட்டாளே, பெறகு எதுக்குக் கத்தி?" என்றார் அந்த அம்மாள். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தோம். ராசு அந்த வீட்டு வாசலில் நின்று, கிளி பொய் சொல்லும் என்று தன் தொழிலையே பழித்துப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. குறித்த நாள் போயிற்று. தை பிறப்பதற்குள் அந்த அம்மாளும் போய்விட்டார்.

சில மாதம் கழித்துச் சீட்டு மறுபதிப்புக்கு வந்தது. அப்போதுதான் சனியின் பலனைப் படித்தேன். 'உடம்பில் ஆயுதம் படும். அஞ்சாதே. அதனால் ஆயுள் கூடும்.' கையில் இருந்த ஈய எழுத்துகள் தரையில் கொட்டின. அவற்றைப் பொறுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. நான் உருவாமல் விட்டிருந்தாலும் கிளி சனியைத்தான் எடுத்திருக்கும் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்பீர்கள். நானும் ஆயிரம் தடவை கேட்டாயிற்று. கேட்டு என்ன பயன்?

சூசையிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்றே நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

பிறகொரு மார்கழியில் ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர் ஒருவர், உச்சியில் இருக்கும் பெரிய பாம்பைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். ஜனங்கள் ஆசையாக ஏணி ஏறிப் போய் உடனே அதன் வாயில் விழுகிறார்களாம். சூசை பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "பாம்பை ஏங்க திட்டுறீங்க? அது பாவம், அது இருந்த இடத்துலதான் இருக்கு. ஏணிதான் ஆளைக் கொண்டுபோய் அது வாய்கிட்ட விட்டுச்சு." கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்னொரு நாள் துவாக்குடிப் பக்கத்து ஜோசியர் ஒருவர், சனி இல்லாத கட்டு வேண்டும், அந்தச் சீட்டு வந்தால் ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றார். சூசை அச்சகத்தில் குரல் உயர்த்தி நாம் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சனி இல்லாத கட்டு இங்கே கிடையாது. வேற இடம் பாருங்க." ஜோசியர் போன பிறகு ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "விடுங்க அய்யங்காரே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போதோ அவரும் சனியைத் திருப்பிப் படித்திருக்க வேண்டும். உருவச் சொன்னது அவர், உருவியது நான் என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே வாயை மூடிக்கொண்டார். தினமும் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தார். கடைசியில், தன் கால் வீங்கியபோது, நான் கோத்த அந்த வரியையே ராசுவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அடக்கத்துக்குப் போகும்போது அந்த ஐந்து சீட்டுகளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெட்டியில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும் என்று எண்ணம். மூடுவதற்கு முன் எல்லோரும் வரிசையில் போய் முகம் பார்த்தார்கள். என் முறையும் வந்தது. கை பைக்குள் போயிற்று. சீட்டைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, வெறும் கையை வெளியே எடுத்தேன். எல்லாம் தெரிந்தே போய்ச்சேர்ந்த மனிதரிடம்தான் மறைத்தேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பவை அந்த ஐந்து சீட்டுகள். சனியை மேலாக வைத்திருக்கிறேன், பலன் தெரியும்படி.