சந்தனம் வைத்த பொய் ஈ

முத்துக்கிருஷ்ணனைப் போல ஒரு வெத்துப் பெருமைக்காரரைத் திண்டுக்கல் டவுனையே சல்லடை போட்டுச் சலித்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் மனைவி அங்காளம்மாளின் தீர்மானமான அபிப்பிராயம். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவரைக்கும் அடுத்தவன் போட்ட முடிச்சைக் குறை சொன்னார். ஓய்வு பெற்றதும், வெள்ளைக்காரன் மீன் பிடிப்பதைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, அடுத்தவன் பிடித்த மீனைக் குறை சொல்லக் கிளம்பிவிட்டார்.

மண்புழு கோத்துப் பிடிப்பது அவருக்குக் கேவலம். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி கட்டுவார். அந்தப் பொய் ஈ தண்ணீர்மேல் மிதக்க வேண்டுமாம், மீன் மேலே எழும்பி வந்து கவ்வ வேண்டுமாம். அதுதான் மரியாதையான மீன்பிடி! இறகு நனைந்தால் முழுகிவிடுமே, அதற்குப் பூச மருந்து தேடுவதிலேயே மனுஷனுக்குப் பொழுது போனது. சேவல் இறகுக்குக் களிம்பு. வாத்து இறகில் களிம்பு பட்டால் ஒட்டிப்போகும் என்று அதற்குத் தனியாக ஒரு பொடி. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தைலம். சித்திரை வெயிலில் களிம்பு உருகி ஓட, அதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தார். வாஸ்லின் போதாதா என்று கேட்ட அங்காளம்மாளை அவர் பார்த்த பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை. இத்தனை கூத்துக்கும் வீட்டுக்கு ஒரு கெண்டைக்குஞ்சு வந்ததில்லை. ஆத்தூர்ப் பக்கம் கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த முகமது பாரூக் இவரைச் சும்மா விட்டதே, ஒன்றும் பிடிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் தீபாவைக் கூட்டிக்கொண்டு அவள் மாமனாரும் மாமியாரும் ஆயக்குடியிலிருந்து விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத குடும்பம். நானே மீன் பிடித்துப் போடுகிறேன் என்று முத்துக்கிருஷ்ணன் போனில் சம்பந்தியிடம் சவடால் விட்டார். அங்காளம்மாளுக்குத்தான் கவலை. கல்யாணப் பந்தியிலேயே சாப்பாடு பத்தவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் பேச்சு தீபா தலையில்தான் விழும்.

ஆகவே பூஜையன்று தையல் மெஷின், அரிவாள்மனை, ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், இதுவும் ஆயுதம்தானே என்று ஈ டப்பாவையும் திறந்தாள். ஒவ்வொரு ஈக்கும் சந்தனம் அப்பி, இந்த ஒரு தடவையாவது மீன் மாட்டட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மசாலா அரைத்து, புளி கரைத்துக் காத்திருந்தாள். சம்பந்திகள் கொய்யாப்பழப் பையோடு வந்து உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் முத்துக்கிருஷ்ணன் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். மீன் மேயவில்லையாம். தூ என்றிருந்தது அவளுக்கு. தெருமுனைக் கடையில் முட்டை வாங்கிவரச் சொல்லி, அவித்து அதே குழம்பில் போட்டாள்.

இலை போடும்போது பாரூக் வந்து நின்றார். கையில் ஈ டப்பா.

"கரையிலேயே வச்சுட்டு வந்துட்டீங்கண்ணே. ஆமா, அம்புட்டுப் பெரிய மீனை இழுத்துப்போட்டுட்டு ஏன் திரும்பத் தண்ணியில விட்டீங்க?"

முத்துக்கிருஷ்ணனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"ஈ முழுகிருச்சு பாரூக். அடியில கெடந்ததை முழுங்குன மீனு அது. பிடிச்சதுல சேராது."

தப்பு யாருடையது என்றும் சபையில் விளக்கினார். சந்தனம் இறகில் காய்ந்து இறுகியதால் மேலே பூசிய களிம்பு பிடிக்கவில்லை, ஈரம் ஏறிவிட்டது, எல்லாம் இவள் செய்த வேலை.

"ஏனுங்க, மீனு மேல வந்து கடிச்சாத்தான் கொழம்பு ருசிக்குமுங்களா?" என்றார் சம்பந்தி. சம்பந்தியம்மாள் திரும்பித் தீபாவைப் பார்த்தாள். தீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

அங்காளம்மாள் எல்லோருக்கும் முட்டைக் குழம்பு பரிமாறிக்கொண்டு வந்தாள். கணவர் இலைக்கு முன்னால் கரண்டி நின்றது.

"இது கடை முட்டை. உங்க தகுதிக்கு ஆகாது. ரசம் ஊத்துறேன்."

சம்பந்தியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து புரையேறிவிட்டது. தீபாதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரைக் குடித்து முடித்த அந்த அம்மாள், இன்னொரு முட்டை வைக்கச் சொல்லி மருமகளிடம் இலையை நகர்த்தினாள். முத்துக்கிருஷ்ணன் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.