ஷஹனாஸ் அக்கா வீட்டு நான்கு டிஸ்க்குகள்

கல்யாண மண்டபத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு திரை தொங்கும். திரைக்கு இந்தப் பக்கம் வீடியோ எடுக்க எத்தனையோ பேர் உண்டு. அந்தப் பக்கம் எடுக்க, கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காடு வரைக்கும் எனக்குத் தெரிந்து ஷஹனாஸ் அக்கா ஒருவர்தான். மணப்பெண்ணுக்கு மருதாணி வைப்பதில் தொடங்கி, தாலியாகக் கருகமணி கட்டுவது வரைக்கும் தனி ஆளாக நின்று எடுப்பார்.

படம் எடுப்பது அவருடைய தொழிலில் பாதிதான். மீதிப் பாதி ஒரு வாக்கு. "இது என் ஊட்டைத் தாண்டாது. ஆம்பள கண்ணு படாது." அந்த வாக்கை நம்பித்தான் வீடுகள் அவரைக் கூப்பிட்டன.

ஒரு கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே டேப்பில் அடுத்த கல்யாணம் ஏறிவிடும். கொடுத்த டிவிடியோ பிள்ளைகள் கையில் கீறல் விழுந்து நின்றுபோகும். சில வருஷம் கழித்து யாராவது வந்து, "அக்கா, என் நிக்காஹ் இன்னும் இருக்குதா?" என்பார்கள். இருக்கும். அக்கா வீட்டு அலமாரியில், துணி சுற்றிய ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும்.

2008இல் அந்த டிஸ்க்குகளில் ஒன்று கட்கட் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அதிலிருந்ததை அவசரமாக வேறொன்றுக்கு மாற்றிவிட்டு, நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கும்மிடிப்பூண்டி பஜார் கடைக்கு அக்கா வந்தார்.

"தம்பி, டிஸ்க்கு செத்தாலும் படம் சாவக் கூடாது. அதுக்கு இன்னா வழி?"

நான்கு டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் போட்டு, நெட்வொர்க் வயரில் கம்ப்யூட்டரோடு இணைக்கலாம் என்றேன். ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாக்கி நான்கிலும் பரப்பி வைப்போம். ஒரு டிஸ்க் அளவு இடம் சரிபார்ப்புக்குப் போகும். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதை மறுபடி எழுதிக் கொடுத்துவிடும்.

"சஹன் சாப்பாடு மாதிரி" என்றார் அக்கா. அவர் ஊரான பழவேற்காட்டில், கல்யாணத்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுதான் சஹன். "ஒருத்தர் எழுந்து போனா மூணு பேரு முடிச்சிடுவாங்கோ. ரெண்டு பேரு எழுந்துட்டா?"

"எல்லாம் போச்சுக்கா. ஆனா ரெண்டு பேரு ஒரே நேரத்துல எதுக்கு எழுந்திருக்கப் போறாங்க?"

"பந்தியில லைட்டு போனா எல்லாருந்தான் எழுந்துப்பாங்கோ. நம்ம ஊருல லைட்டு எப்படி எரியுதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தொழிற்பேட்டையில் உருக்கு உலைகள் கரண்டை இழுக்கும்போது எங்கள் டியூப்லைட்டுகள் கண் சிமிட்டும். மின்வெட்டு வேறு. அந்த ஒரு கேள்வியில் என் திட்டம் மாறியது. துண்டு போட வேண்டாம். இரண்டு இரண்டாக ஜோடி சேர்ப்போம். ஜோடியில் ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒன்று மட்டும் பிழைத்தாலும் அதில் படம் முழுசாக இருக்கும். பாதி இடம்தான் மிஞ்சும்.

அவர் கணவர் நூர் முகம்மது இறால் வியாபாரி. கணக்குக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாலு வாங்கி ரெண்டு அளவுக்கு வெக்கிறதா? நல்ல யாவாரம்."

"இறால் பெட்டியில ஐஸ் மேலயும் கொட்டி கீழயும் எதுக்குக் கொட்டுறீங்கோ?" என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டிஸ்க்குகளையும் அவரே வகுத்தார். ஒரு ஜோடியில் இருப்பவை ஒரே கம்பெனியாக இருக்கக் கூடாது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒன்றாகக் காய்ச்சல் வரும் என்றார். முதல் ஜோடி பெண்கள் பக்கத்துப் படங்களுக்கு. அது அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கும். இரண்டாவது, மற்ற போட்டோகிராபர்கள் எடிட்டிங்குக்குக் கொடுக்கும் ஆண்கள் பக்கத்துக்கு. பெட்டிக்குள்ளேயும் ஒரு திரை போட்டுவிட்டார்.

எனக்கு ஒரு குறை இருந்தது. சொன்னேன். "எல்லாமே ஒரே ஊட்ல இருக்குதுக்கா. தீப்பிடிச்சா, திருடு போனா ஜோடியோட போயிடும். வேற ஒரு ஊட்ல இன்னொரு காப்பி வேணும்."

ஆனால் வீட்டைத் தாண்டாது என்பதுதானே வாக்கு. சத்தமில்லாமல் ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா அப்படிச் செய்யவில்லை. தான் படம் எடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டார். "பழவேற்காட்டுல என் நாத்தனா ஊட்ல இன்னொரு காப்பியைப் பீரோவுல பூட்டி வைக்கிறேன், சம்மதமா?" என்று. பெரும்பாலான வீடுகள் சரி என்றன. எளாவூர் ஆரிபா மாமி மட்டும் மறுத்தார். இரண்டு மகள்களுக்கு ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் நிக்காஹ் நடத்தியவர். "உன்னை நம்பித்தான் குடுத்தேன். உன் நாத்தனாரை நம்பி இல்ல" என்றாராம். அந்த வீட்டுப் படங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் அக்கா பழவேற்காட்டுக்கு எடுத்துப் போனார்.

தவறு அந்த வீட்டுப் படங்களில்தான் வந்து நின்றது. பெண்களின் பெயரைக் கம்ப்யூட்டரில்கூட எழுதுவதில்லை என்பது அக்காவின் வழக்கம். வீட்டின் பெயர், கல்யாணத் தேதி, அவ்வளவுதான். ஆரிபா மாமிக்கு இரண்டு மகள்கள், ஆனால் ஒரே வீடு, ஒரே தேதி. ஒரு நாள் இடம் போதாமல் ஒதுக்கிக்கொண்டிருந்தவர், ஒரே பெயரும் தேதியும் உள்ள இரண்டில், பின்னால் 2 என்று போட்டிருந்ததை அதிகப்படி காப்பி என்று நினைத்து அழித்துவிட்டார். நெட்வொர்க் வழியாக அழித்ததால் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்கும் போகவில்லை. ஜோடி டிஸ்க், தன் வேலை அதுதான் என்பதால், கூடவே அழித்தது.

போனில் அவர் குரல் நிதானமாக இருந்தது. "தம்பி, ஆரிபா மாமியோட சின்னப் பொண்ணு கல்யாணத்தை அழிச்சிட்டேன்."

"மெஷினை நிறுத்துங்கக்கா."

"அப்பவே நிறுத்திட்டேன். மேல எழுதிடுச்சுன்னா போச்சில்ல?"

புது டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அழித்தாலும் படம் உடனே போவதில்லை, அதன் விலாசம்தான் போகிறது. தேடி எடுக்கும் புரோகிராம் இருக்கிறது. ஆனால் வருவதெல்லாம் பெயரில்லாமல் வரும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் எது என்று தெரியும் என்றேன்.

"நீ பாக்கக் கூடாது" என்றார்.

"பாக்காம எப்படிக்கா செய்யறது?"

அவர் அறையின் வாசல் திரையை இழுத்து விட்டார். உள்ளே அவரும் கம்ப்யூட்டரும். வெளியே நானும் நூர் முகம்மதுவும். நான் கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் தட்டினார். கம்ப்யூட்டர் திரையில் வந்ததைப் படித்துக் காட்டினார். ஒரு எழுத்து பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து.

"எழுதட்டுமான்னு கேக்குது தம்பி."

"எதுல எழுதப் போவுது? அதைப் படிங்கக்கா."

படித்தார். புது டிஸ்க்தான்.

"சரின்னு குடுங்க."

நூர் முகம்மது டீ கிளாஸைக் கீழே வைத்தார். "திரைக்கு அந்தாண்ட பொண்ணு, இந்தாண்ட நீ. நிக்காஹ்ல கேக்கிற மாதிரி சம்மதமான்னு மூணு வாட்டி கேளுடா. நான் வேணா சாட்சி கையெழுத்து போடுறேன்."

"வாயை மூடிக்கினு இருங்கோ, எழுத்து தப்பிடப் போவுது" என்றது உள்ளிருந்து குரல்.

சாயங்காலம் வரை படங்கள் ஒவ்வொன்றாக மீண்டன. எனக்கு வந்தது சத்தம் மட்டும். பெண்கள் சிரிப்பு, தட்டு உரசல், ஒரு குலவை. பிறகு ஒரு இடத்தில் சத்தம் அறுந்தது. அதே இடத்தை அக்கா மறுபடி மறுபடி ஓட்டுவது கேட்டது.

"கருகமணி கட்டுற இடம் வரல. கட்டம் கட்டமா நிக்குது."

"அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது" என்றார் நூர் முகம்மது.

"எனக்குத் தெரியுமே."

இரண்டு நாள் கழித்து அக்கா வீட்டுக்கு யூபிஎஸ் பாட்டரி மாற்றப் போயிருந்தேன். ஆரிபா மாமி வந்தார். அக்காதான் வரச் சொல்லியிருந்தார். திரைக்குப் பின்னால் பேசியது எனக்குக் கேட்டது.

"கருகமணி கட்டுறது போச்சு மாமி. என் கையாலதான் போச்சு."

"பழவேற்காட்டுக்குக் குடுத்திருந்தா இருந்திருக்கும். அதைச் சொல்லிக் காட்டவா கூப்ட்டே?"

"இல்ல. போனதைப் போச்சுன்னு சொல்லத்தான்."

மாமியின் குரல் திரைப் பக்கம் திரும்பியது. "வெளிய உக்காந்துக்கினு இருக்கானே, அவன்தானே எடுத்துக் குடுத்தான்? அவன் பாக்காமயா?"

"தட்டினது நானு. அவன் திரைக்கு அந்தாண்டயேதான் இருந்தான், இப்ப உங்களைப் பாக்காம உக்காந்துக்கினு இருக்கிற மாதிரியே."

மாமி திரையை லேசாக விலக்கி என்னைப் பார்த்தார். "தம்பி, என் சின்னப் பொண்ணு இன்னா கலரு பொடவை கட்டிக்கினு இருந்தா?"

"தெரியாதும்மா."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, மறுபடி திரையை விட்டார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ரெண்டையும் உன் நாத்தனா ஊட்ல கொண்டுபோய் வெச்சிடு. பேரும் போட்டுடு. திரும்பவும் ஒண்ணுக்கு ஒண்ணு கலந்துட்டா அப்புறம் உன்னை நான் சும்மா விடமாட்டேன்."

"சரி மாமி. சொல்லுங்கோ."

மாமி இரண்டு மகள்களின் பெயர்களையும் தணிந்த குரலில் சொன்னார். கீபோர்டு சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.