ஏலத்துக்கு வளர்த்த புடலங்காய்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும் காய்கறியைப் பார்த்தால், லிங்கராஜபுரத்தில் வீட்டுக்கு வீடு நாலு ஏக்கர் நிலம் இருப்பதாகத்தான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் பாதிப் பேருக்கு ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட இடம் கிடையாது. மீதிப் பேருக்கு இடம் உண்டு, அதில் கார் நிற்கும். விடியற்காலையில் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி முட்டைக்கோஸும் அன்னாசியும் வாங்கிவரச் செய்து, ரிப்பன் கட்டி, தங்கள் நிலத்தின் முதற்பலன் என்று ஆண்டவர் முன் வைத்துவிட்டுப் பயபக்தியோடு தலைகுனிந்து நிற்பார்கள். ஒரு வருஷம் ஒரு அம்மாள் வைத்த முருங்கைக்காய்க் கட்டில் கடைக்காரர் போட்ட ரப்பர் பேண்டுகூட அப்படியே இருந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். பிள்ளையாருக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்லை என்றாலும், இந்தப் பழமொழியை எங்கள் சபையைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். ஏலம் எடுக்கிறவர்கள் சமைத்துச் சாப்பிட எடுப்பதில்லை. யார் கை பெரிய கை என்று காட்டத்தான் எடுப்பார்கள். அன்றைக்குச் சத்தமாக ஏலம் கேட்டவரைத்தான் அடுத்த தேர்தலில் கமிட்டியில் பார்க்கலாம்.

நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள். என் கணவர் சுரங்க வேலையை விட்டுவிட்டு இங்கே ஒரு பட்டறையில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அத்தனை வருஷம் கழித்தும் பெண்கள் சங்கத்தில் நான் "கேஜிஎஃப் அம்மா"தான். ஒருத்தியும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சங்கத்தின் தலைவி கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய குடும்பம். சமையலுக்கு ஒரு ஆள், காருக்கு ஒரு டிரைவர், ஜெபத்துக்கு மட்டும் சொந்த வாய். அவர் ஒரு நாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"பாவம், உங்க ஊர்ல எல்லாம் சயனைட் மண்ணுதானேம்மா? பச்சைன்னு ஒண்ணைக் கண்ணால பாத்திருக்க மாட்டீங்க."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கவயலில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டுத் தூசி பறக்கும் என்பது உண்மைதான். அதற்காக எங்களுக்கு வெண்டைக்காய் எது, வேப்பங்காய் எது என்று தெரியாதா? அன்றைக்கே முடிவு கட்டினேன். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு, இந்த அம்மாள் காசு கொடுத்தாலும் மார்க்கெட்டில் கிடைக்காத ஒரு காயை என் கையால் விளைவித்துப் பீடத்துக்கு முன் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

எங்கள் வாடகை வீட்டின் சமையலறைக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் வரை ஒரு துண்டு மண் கிடந்தது. மண் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீடு கட்டியவர் மிச்சம் விட்ட ஜல்லியும் செங்கல் துண்டும்தான். அதைப் பொறுக்கி எறிந்து, தெருக்கோடி மாட்டுக்கொட்டகைச் சாணத்தைச் சுமந்து வந்து கொட்டி, மார்ச்சில் வெண்டையும் கத்தரியும் புடலையும் போட்டேன். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். அரிசி கழுவியது, துணி அலசியது எல்லாம் செடிக்குப் போனது. ஏப்ரலில் ஒரு சாயங்காலம் ஆலங்கட்டி மழை வந்து புடலைக்கொடியைக் கந்தலாக்கிவிட்டுப் போனது. உட்கார்ந்து அழுதேன். ஒரு வாரத்தில் அடிக்கணுவிலிருந்து புதுத் துளிர் விட்டது. சங்கத்துப் பெண்களைவிட அந்தக் கொடிக்கு ரோஷம் அதிகம்.

வெண்டையையும் கத்தரியையும் வீட்டில் சாப்பிட்டோம். புடலையில் மட்டும் ஒரு பிஞ்சை ஏலத்துக்கென்று தேர்ந்தெடுத்து, வளையாமல் நேராக இறங்க நுனியில் கல் கட்டிவிட்டேன். அது இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பந்தலிலிருந்து தரையைத் தொடப்போகிறது என்று தெரிந்ததும், அடியில் ஒரு குழி வெட்டினேன். பட்டறையிலிருந்து வந்த கணவர் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, வூட்டுக்குப் பின்னால சொரங்க ஷாஃப்ட் எறக்கினுகிறியா? தங்கம் கெடச்சா எனக்கும் சொல்லு."

"நீங்க தோண்டி எடுத்த தங்கத்துல எனக்கு ஒரு மூக்குத்தி வந்துச்சா? கம்முனு போங்க."

ஜூனில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி வந்தார். புடலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயோ, பாம்பு மாதிரி! இதுக்கு ஏம்மா கல்லு, தண்டனையா?" என்று சிரித்தார். போகும்போது டிரைவரிடம் சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பை வெண்டைக்காய் பறித்துக்கொண்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பண்டிகைக்குச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்றிலிருந்து கேட்க வேண்டிய வார்த்தைகளைத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். நாலு வார்த்தை நாற்பதானது. கணவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

காயின் அடிப்பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கியது. முற்றிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏலத்துக் காயை யார் சமைக்கப் போகிறார்கள்? இன்னும் ஒரு சாண் வரட்டும் என்று விட்டேன்.

பண்டிகை ஜூன் கடைசி ஞாயிறு. காய் என் உயரத்தைத் தாண்டியிருந்தது, ஆட்டோவில் வைக்க வழியில்லை. ஒரு பலகையில் படுக்க வைத்து, வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, முன்னால் அவரும் பின்னால் நானுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எதிரே வந்த பெரியவர் ஒருவர் ஓரமாக ஒதுங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் ஆலயத்துக்குப் போனதே இல்லை.

பீடத்துக்கு முன்னால் துப்பட்டியை எடுத்ததும் பாடகர் குழுவே பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது. அன்னாசிகளும் முட்டைக்கோஸுகளும் ரிப்பனோடு சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தன. ஏலத்தில் என் புடலையைத்தான் கடைசியாக எடுத்தார்கள். யார் வீட்டுக் காய் என்று ஏலம் விட்டவர் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. தலைவியும் ஒரு கான்ட்ராக்டரும் மாறி மாறி ஏற்றினார்கள். கடைசியில் தலைவி ஜெயித்தார். எல்லோரும் கைதட்டி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்னா காய்ங்க!" என்று அவரையே பாராட்டினார்கள். அவரும் தானே பத்து மாதம் சுமந்து பெற்றவர் போலக் காயின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நான் கார் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். இதுதான் சமயம், நாற்பது வார்த்தையும் நாக்கு நுனியில் இருந்தது. டிரைவர் காயைக் கொண்டு வந்து டிக்கியில் வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. குறுக்கே வைத்துப் பார்த்தார்.

"ஒடிச்சு வைப்பா, எவ்ளோ நேரம்?" என்றார் தலைவி.

டிரைவர் முழங்காலில் வைத்து ஒடித்தார். உள்ளே சிவப்பாக, கொழகொழவென்று சதையும் கொட்டையுமாக வழிந்தது. அவர் சட்டையெல்லாம் சிவப்பு. சங்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். தலைவி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் வந்து, நிஜமான இரக்கத்தோடு தோளில் கை வைத்தார்.

"முத்திப்போச்சேம்மா. பரவால்ல, பணம் கர்த்தருக்குத்தானே போகுது. அடுத்த வருஷம் இவ்ளோ கஷ்டப்படாதே. என் டிரைவரை அனுப்பறேன். நல்ல காயா எப்படிப் பாத்து வாங்கறதுன்னு மார்க்கெட்ல காட்டிக் குடுப்பான்."

என் கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் கேட்டு மனப்பாடம் செய்தவர் அவர்.

"சரிங்கக்கா," என்றேன்.