கணினிக்குள் ஒரு கலகக்காரர்

யுத்தம் முடியாத காலம். அட்டன் டவுனில், கம்பியூட்டர் விளையாட்டுக் கடையொன்றில் ஒரு பொலிஸ்காரரைச் சந்தித்தேன். தடித்த மீசை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டுதான் விளையாடுவார். விளையாட்டில், அன்னிய இராணுவம் பிடித்துவைத்திருக்கும் ஊரில் ஒளிந்து திரியும் போராளி அவர். காவலரண்களை ஒவ்வொன்றாகத் தகர்த்துக்கொண்டிருந்தார்.

"கேம் எப்படிங்க சார்?" என்றேன்.

"நல்லா இருக்கு தம்பி," என்றார் சிங்களச் சாயல் தமிழில். "ஆனா இந்த ஆமிக்காரன் ரொம்ப மோசம். சும்மா ரோட்டுல போற ஆளைப் புடிச்சுக் கேள்வி கேக்குறான்."

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். பிறகு நான் பஸ் நிலையத்துக்குப் போனபோது, அங்கே காவலில் நின்ற அவரே என்னை மறித்தார்.

"ஐசி எங்க?"

அடையாள அட்டையைக் கொடுத்தேன்.

"எங்க போறது?"

"நானுஓயாவுக்குங்க சார்."

"ஏன்?"

"வீடு அங்கதாங்க."

நம்பாமல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை மறந்துவிட்டாரா, தான் சொன்னதை மறந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.