போன மாதம் ஓடிய மோட்டார்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் முல்லையை எடைக்குப் போட்டுவிட்டு நின்றிருந்தபோது செய்தி வந்தது. அழைத்தவர் எங்களோடு வேலை பார்த்த பழைய ஃபயர்மேன். "அண்ணே, அடைக்கலம் அண்ணன் தவறிட்டாரு. கீரனூர்ல வீட்லதான். நாலு மணிக்கு எடுக்குறாங்களாம்" என்றார். எடைச் சீட்டைக்கூட வாங்காமல் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கீரனூரில் நம் தீயணைப்புத் துறைக்காரர்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "இவருதான டிரம் அடைக்கலம்?" மற்றவர் சொன்னார்: "ஆமா. தங்கமான மனுசன். அந்த வெள்ளத்துல மட்டும் படகு மோட்டாரை டிரம்ல ஓட்டிப் பாக்காம எறக்கிட்டாரு. சர்வீஸ்ல அது ஒண்ணுதான் தப்பு." நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் நம் ஓய்வுபெற்றோர் மலரில் இதை எழுதுகிறேன். அவரை அந்தப் பெயரால் அறிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள்.

நான் லீடிங் ஃபயர்மேனாக இருந்த கடற்கரையோர நிலையத்துக்கு அவர் டிரைவர் மெக்கானிக்காக மாறுதலில் வந்தார். வந்த முதல் வாரமே மீனவர்கள் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் அவருக்கு அப்படி ஒரு கை. துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் மாட்டுக்கொட்டகையில் கிடந்த தன் மோட்டாரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"எப்ப கடைசியா ஓடுச்சு?"

"ஒரு வருசந்தான் இருக்கும்ணே. நல்லா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

அடைக்கலம் தண்ணீர் துப்பும் ஓட்டைக்குள் கம்பியை விட்டார். மண்ணும் குளவிக்கூடுமாக உதிர்ந்தது. "ஒரு வருசமா? இதுல பேரன் பேத்தி எடுத்துருக்கு குளவி" என்றார். கொண்டுவந்தவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நாலு வருடம் என்று ஒப்புக்கொண்டார்.

நெடுநாள் கிடந்த மோட்டாரின் ஸ்டார்ட் கயிற்றில் முதல் நாள் அவர் கை வைக்கவே மாட்டார். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊறப் போட்டுவிடுவார். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவுவார். எஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரத்தை, நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமலே மாற்றுவார். நீண்ட நாள் அசையாமல் கிடந்தால் அதன் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்து இறுகிவிடும். கடைசியாக, தண்ணீர் நிறைத்த நீல டிரம்மில் மோட்டாரை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுவார். "மோட்டாரை நம்பலாம்ணே. அதை வச்சிருந்தவனைத்தான் நம்பக் கூடாது" என்பார்.

எங்கள் நிலையத்திலும் ஒரு ரப்பர் படகும் மோட்டாரும் ஷெட்டில் இருந்தன. மாதம் ஒருமுறை டிரம்மில் ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது என் பொறுப்பு. நான் எழுதினேன், ஓட்டவில்லை. டிரம்மை நிரப்புவதும் அந்தக் கனத்தைத் தூக்கி மாட்டுவதும் எனக்குச் சள்ளை பிடித்த வேலை. டேங்கில் இருந்த பெட்ரோலையும் எப்போதோ வடித்துத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு ஊற்றிவிட்டேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம், மாதம் தவறாமல் அழகான கையெழுத்து.

அவர் வந்த மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை கண்மாய் உடைந்து ஒரு குடியிருப்பைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அடைக்கலம் மோட்டாரின் மேல்மூடியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"எப்பண்ணே கடைசியா ஓடுச்சு?"

ஸ்டேஷன் ஆபீசர் பக்கத்திலேயே போன் பேசிக்கொண்டிருந்தார். "போன மாசம். பதிவேட்ல இருக்கே" என்றேன்.

கண்மாய்க் கரையில் படகை இறக்கி, புது பெட்ரோல் ஊற்றி, கயிற்றை ஐந்து முறை இழுத்தும் மோட்டார் பிடிக்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போன மாசந்தான?" மறுபடியும் ஆமாம் என்றேன். ஏழாவது இழுப்பில் பிடித்தது. பீச்ச வேண்டிய ஓட்டையிலிருந்து தண்ணீர் நூல் போலத்தான் வந்தது. நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். எதிரே கூரைமேல் நின்றிருந்தவர்களைப் பற்றி அந்த நிமிடம் நினைக்கவில்லை.

இரண்டு பெண்கள், மூன்று பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் அந்த நூலும் நின்றது. எஞ்சின் சூடேறி இறுகிவிடும் என்று அவர் உடனே மோட்டாரை அணைத்தார். படகு உடைப்பின் பக்கம் இழுபட்டு, மூழ்கிக் கிடந்த சீமைக்கருவேலத்தில் போய்ச் சாய்ந்தது. முள் ஏறி, ஒரு பக்க ரப்பரில் காற்று சீறத் தொடங்கியது. குழந்தை வைத்திருந்த பெண் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கரைக்குப் போயிருவோமாண்ணே?"

"போயிருவோம் ஆத்தா. நீ பிள்ளையப் பிடி, என்னைய விடு."

துடுப்பை நான் போட்டேன். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முள்ளுக்குள் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டார். கரை சேர்ந்தபோது அவர் கால்களில் கிழியாத இடமில்லை. படகில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூரையில் மிச்சமிருந்தவர்களை மீனவர்கள் டிராக்டரில் கொண்டுவந்த ஃபைபர் படகில் மீட்டார்கள்.

அன்று மதியம் ஷெட்டில் அவர் மோட்டாரின் அடிப்பகுதியைக் கழற்றினார். இம்பெல்லரின் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாக மடிந்து கட்டையாகிக் கிடந்தன. இரண்டு ஒடிந்துபோயிருந்தன. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

விசாரணையில் அதை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தால் போதும், என் கதை முடிந்திருக்கும். அவர், "டிரம்மில் ஓட்டிச் சரிபார்க்காமல் இறக்கியது என் தவறு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மெமோ வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"நான் எழுதுனது பொய் இல்லண்ணே. டிரம்ல ஓட்டிருக்கணும், இம்பெல்லரை மாத்திருக்கணும். அரை மணி நேர வேலை. ஒரே காக்கிச் சட்டை போட்ட ஆளு சொல்றாரேன்னு நம்பிட்டேன்."

அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவரே டிரம்மை நிரப்புவார். மோட்டாரை மாட்டிவிட்டு, நிலையம் முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, கையெழுத்துப் போட வாங்க" என்று கூப்பிடுவார். பத்து நிமிடமும் நான் பக்கத்தில் நின்று தண்ணீர் துப்புவதைப் பார்த்த பிறகுதான் பேனா என் கைக்கு வரும். அதில் கோபமும் இருந்தது, கேலியும் இருந்தது. பிறகு இரண்டு பேரும் டீ குடிக்கப் போவோம்.

அவர் ஓய்வுபெற்ற அன்று ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "இது உங்கள்ட்ட இருக்கட்டும்ணே" என்றார். இதழ் ஒடிந்த அந்த இம்பெல்லர். இப்போது இதை எழுதும் மேஜையில்தான் இருக்கிறது. விறைப்பு இன்னும் போகவில்லை.

அவரிடம் ஒருமுறைகூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பேச்சை மாற்றியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது என் கோழைத்தனம். அந்த மெமோவுக்குப் பிறகு "டிரம் அடைக்கலம்" என்று அவரைக் கேலியாகக் கூப்பிட்டவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

அடைக்கலம், நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. அந்த மோட்டார் போன மாதம் ஓடவில்லை. அதற்கு முந்தைய மாதமும் ஓடவில்லை. இரண்டு வருடமாக அது ஓடவே இல்லை. பதிவேட்டில் இருப்பதெல்லாம் என் கையெழுத்து.