முந்நூற்றுப் பதினேழாம் டோக்கன்

எங்கள் வீட்டு நாயின் கழுத்தில் தொங்குவது என் அப்பாவின் டோக்கன். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை வில்லை. அதில் 317 என்ற எண்ணும், அவர் இறங்கிய தங்கச் சுரங்கக் குழியான ஷாஃப்டின் பெயரும் அடித்திருக்கும். அந்த வில்லையோடுதான் அப்பா தன் காலம் முழுக்க பூமிக்குள் இறங்கி ஏறினார்.

தங்கவயல்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இறங்குகிறவர் டோக்கன் ஆபீஸ் ஜன்னலில் தன் வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும், ஏறி வந்ததும் திருப்பித் தர வேண்டும். அங்கே ஒரு பலகையில் ஆணி ஆணியாக அடித்திருக்கும். எல்லா ஆணியிலும் வில்லை தொங்கினால் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஷிப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். பசியோ களைப்போ, ஷாஃப்ட் வாசலிலேயே நிற்பார்கள்.

மைன்ஸை மூடிய அன்று அப்பா மட்டும் அந்த ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டார். "மூடனவன் வந்து வாங்கிக்கினு போகட்டும்" என்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அப்பாவின் சிநேகிதர். எனக்குப் பெரியப்பா முறை இல்லாவிட்டாலும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு அப்பாவை எங்கே பார்த்தாலும் அவர் விடமாட்டார். "உன் நம்பர் இன்னும் ஏறல. என் பலகைல ஒரு ஆணி காலியா கீது, தெரியுதா?" என்பார். அப்பா சிரிப்பார், கொடுக்கமாட்டார்.

கடைசிக் காலத்தில் ஒரு தெருநாய்க்குட்டி அப்பாவிடம் ஒட்டிக்கொண்டது. அவர் அதன் கழுத்தில் கயிறு கோத்து டோக்கனைக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் எங்கள் தெருவுக்கே அவள் முன்னூத்திப் பதினேழு. அப்பா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான்.

நான் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறவள். ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர் வேலை. ரோஷத்தில் அப்பாவுக்கு ஒரு படி மேல். ஒரு டம்ளர் சர்க்கரைகூட அக்கம்பக்கத்தில் கேட்டதில்லை. இதை அப்போதெல்லாம் பெரிய தகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள், நான்தான் வெயில் என்று விட்டுவிட்டேன். வயிறு உப்பியிருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, உள்ளே வெடித்தால் பிழைக்காது, இப்போதே பெங்களூருக்குக் கொண்டுபோங்கள் என்றார். கார் பிடித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் ஆகும், முதலில் கட்டிவிடுங்கள் என்றார்கள். என்னிடம் பதினெட்டாயிரம் இருந்தது. இருந்த நகை வீட்டுக் கூரை மாற்றுவதற்காக ஏற்கனவே வங்கிக்குப் போயிருந்தது.

ஊரில் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. யாராவது "நாய்க்கா இவ்வளவு?" என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் பத்து வார்த்தை சொல்லிவிடுவேன், பிறகு அந்த முகத்தில் ஆயுசுக்கும் விழிக்க முடியாது. பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண்தான் இன்டர்நெட்டில் போடுங்கள், முகம் தெரியாதவர்கள்கூடக் கொடுப்பார்கள் என்றாள். முகம் தெரியாதவர்கள் என்ற சொல்தான் எனக்குப் பிடித்தது. பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினேன். ஊர் என்ற இடத்தில் பெங்களூர் என்றும், கீழே ஆஸ்பத்திரியின் பெயரையும் போட்டேன். மேஜை மேல் படுத்திருந்தவளைப் படம் எடுத்துப் போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் வரை இரண்டு புண்ணியவான்கள் சேர்ந்து முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்திருந்தார்கள். அப்போது தினமும் என்னோடு ரயிலில் வரும் கம்பார்ட்மென்ட் தோழியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "அக்கா, இது நம்ம முன்னூத்திப் பதினேழு தானே?"

படத்தில் கழுத்து டோக்கன் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. எண்ணும் தெரிந்திருக்கிறது, ஷாஃப்டின் பெயரும் தெரிந்திருக்கிறது. வேலை தேடி எங்கெங்கோ போய்விட்ட தங்கவயல்காரர்களில் யாரோ அதைப் பார்த்துவிட்டு ஊர் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். பெயர், ஊர் எல்லாவற்றையும் மறைத்த நான் அதை மறந்துபோனேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. பதில் போடாமல் போனை அணைத்துவிட்டேன். நர்ஸ் நாயின் கழுத்துக் கயிற்றை டோக்கனோடு அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். கைக்குள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பா, இவளையும் எடுத்துக்கொண்டு போய்விடாதே என்று கெஞ்சினேன். நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பெரியப்பா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். எண்பதைத் தாண்டியவர், தோழி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவர் தோளில் வழக்கமாகக் கிடக்கும் துண்டு அன்று மூட்டையாகக் கையில் இருந்தது.

"இன்னாம்மா இது? நம்ம நம்பர் உள்ள மாட்டிக்கினு கீது, நீ ஊர் பேர் தெரியாதவன கேட்டுக்கினு குந்தியிருக்கற?"

"நாய்தானே பெரியப்பா. நாய்க்காக எப்படிக் கேக்கறது?"

"நாயோ ஆளோ, ஆணி காலியா கீதா இல்லியா? அத்தச் சொல்லு."

தோழிதான் நடந்ததைச் சொன்னாள். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறியவர், மற்றவர்கள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். பெட்டி பெட்டியாகத் துண்டை ஏந்திக்கொண்டு நடந்திருக்கிறார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறியிருக்கிறார். எல்லா இடத்திலும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான். "முன்னூத்திப் பதினேழு இன்னும் ஏறல." விஷயம் தெரிந்தவர்கள் தெரியாத சின்னவர்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். பங்காருபேட்டை வருவதற்குள் துண்டு கனத்துவிட்டதாம்.

மைன்ஸில் விபத்து நடந்தால் இப்படித்தான் துண்டு சுற்றி வரும். மூடிய கையை மடிப்புக்குள் விட்டு எடுக்க வேண்டும், யார் எவ்வளவு போட்டார்கள், போட்டார்களா இல்லையா என்று அடுத்தவருக்குத் தெரியக்கூடாது. துண்டை ஏந்துகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரியப்பாவும் வழிநெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"யார் யார் கொடுத்தாங்கன்னு சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன். மாசாமாசம் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றேன். ரோஷம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "துண்டுல வுழுந்ததுக்குப் பேர் கெடையாது. அப்பன் மாதிரியே பேசற பாரு. போய் கட்டிட்டு வா, டாக்டர் காத்துக்கினு கீறாரு."

துண்டை மேஜை மேல் அவிழ்த்தோம். கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள், புது ஐந்நூறுகள், ஒரு கைப்பிடி சில்லறை. என்னிடம் இருந்ததோடு சேர்த்து எண்ணியதில் ஐம்பத்திரண்டாயிரம் தேறிவிட்டது. பணம் வாங்கும் பெண் கன்னடத்தில் இது எந்த ஊர் என்று கேட்டாள். தங்கவயல் என்றேன். ஒருமுறை சொன்னது போதவில்லை, கோலார் தங்கவயல் என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். முந்தின நாள் பெங்களூர் என்று எழுதிய கைதான். ஊரை நினைத்து எனக்கு அப்படி ஒரு பெருமை அதற்கு முன் வந்ததில்லை. இன்டர்நெட்டில் போட்டதை அங்கேயே அழித்தேன்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம் நடந்தது. பிழைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தெருக்காரர்கள், ரயிலில் கூட வருகிறவர்கள், எனக்குப் பழக்கமே இல்லாத பாலகாட் சுரங்கப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கார் வர ஒன்றரை மணி நேரம் தாமதம், அதுவரை நின்றிருக்கிறார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். என்ன சொல்லி நன்றி சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா உள்ளங்கையை நீட்டினார். "டோக்கன்" என்றார்.

கைப்பையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். விரலால் எண்ணைத் தடவினார். அப்பா இத்தனை வருஷம் கொடுக்காதது. வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன்.

"முன்னூத்திப் பதினேழு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "ஏறிடுச்சு."

பிறகு அதை அவள் கழுத்திலேயே திருப்பிக் கட்டினார். அவர் முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை யாரும் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.