பெயர் சொல்லாமல் படித்த நாவல்

எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஆப்பிள் தோட்டம் உண்டு. என் ஓரகத்தி யுன்ரேவுக்கு அதோடு அபிப்பிராயங்களும் உண்டு, நாவல்களைப் பற்றி. குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட ஊர்ப் பெண்கள் கூடிக் குனிந்து கோஸுக்கு உப்புத் தடவிக்கொண்டிருப்போம். அவள் கைதான் எங்களோடு இருக்கும். வாய் ஏதோ ஒரு ராஜாவின் அரண்மனையில் இருக்கும்.

"சரித்திர நாவல்ல பாதிப் பேரு சாப்பிடறதே இல்லடி," என்பாள் என்னிடம். "புத்தகம் முழுக்கக் குதிரையில போறான். ஒரு தடவையாவது இறங்கி ஒதுங்கினானா? அவன எப்படி நம்பறது?"

"அப்ப அந்த இலக்கிய நாவல்லாம்?"

"அதுல சாப்பாட்டத் தவிர ஒண்ணும் நடக்காது. ஒருத்தி முள்ளங்கி நறுக்கறா, நறுக்கறா, நறுக்கிட்டே இருக்கா. கொட்டாவி வருது. ஆனா படிச்சு முடிச்சப்புறம் ஒரு வாரம் எனக்கு முள்ளங்கியத் தொடவே பயமா இருந்துச்சு."

நான் புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுகிற ரகம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அவளைப் பார்த்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கும். எந்த ராஜா எப்படிச் செத்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. அதே கதையைப் படித்துவிட்டுக் கண் வீங்கி வந்து நிற்பாள். "இந்தத் தடவையாவது பொழச்சுக்குவான்னு நெனச்சேன்" என்பாள். கிறுக்கா உனக்கு என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். ஆமாம் என்றாள்.

எங்கள் குலத்து மண்டபத்தின் பக்க அறையில் அவள் ஒரு வாசகசாலை நடத்தினாள். அவள் கணவர், அதாவது என் மூத்தார், இறந்த பிறகு அவளுக்கு வீடு என்றால் அதுதான். காலையில் அடுப்பை அணைத்துவிட்டு அங்கே போய்விடுவாள்.

அந்த அறைக்குத்தான் போன ஆண்டு ஆபத்து வந்தது. புதிதாக ஒரு நாவல் வந்திருந்தது. அதன் நாயகர் எங்கள் குலமுதல்வர், பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஜப்பான்காரன் படையெடுத்தபோது கோட்டைத் தலைவராக இருந்தவர். அவர் பெயரை நான் எழுதமாட்டேன். முன்னோர் பெயரை வாயால் சொல்வது எங்களில் வழக்கமில்லை, தாத்தா என்று மட்டும்தான் சொல்வோம். கோட்டை வாசலில் நின்று உயிர்விட்டார் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். நாவலிலோ அதற்கு முந்தைய இரவு அவர் பயந்து ஓடிவிடுகிறாராம்.

என் கணவரின் சித்தப்பா மகன் தொக்சூ யாரோ ஆப்பிள் வியாபாரி சொல்லக் கேட்டுவிட்டு வந்து ஊரைக் கூட்டினார். அந்தப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தவள் யுன்ரே. எனவே ஐப்பசி கழிந்து முன்னோர் வழிபாடு முடிந்த அன்றே அறையைப் பூட்டிவிடுவது என்று முடிவானது.

அன்று சமாதிகளுக்குப் படைத்த அரிசிப் பணியாரமும் இறைச்சியும் மண்டபத்தில் பரிமாறியாயிற்று. தொக்சூ பூட்டோடு எழுந்தார். நாங்கள் பெண்கள் சமையலறை வாசலில் நின்றோம். யுன்ரே மட்டும் படி தாண்டி உள்ளே போனாள், கையில் அந்த நாவல்.

"பெரிய மாமா," என்றாள், குலத்தின் மூத்த வீட்டுப் பெரியவரிடம். "இதப் படிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எப்படிம்மா படிக்கிறது?" பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பக்கத்துக்குப் பக்கம் அவர் பேர மொட்டையாப் போட்டிருக்கானாமே."

"பேரக் கண்ணால பாத்தாலே பாவம், அண்ணி," என்றார் தொக்சூ. "படிக்காமலே தெரியுது, இது குப்பைன்னு!"

"வாயில வைக்காமலே உப்பு பாக்கற நாக்கு உனக்கு. கொஞ்சம் உக்காரு." சமையலறைப் பக்கம் சிரிப்பு கிளம்பியது. "மாமா, பேர நான் சொல்லல. பேர் வர்ற இடத்துல எல்லாம் தாத்தான்னு படிக்கிறேன். கேட்டுட்டுப் பூட்டுங்க."

பெரியவர் படி என்பதுபோல் கையைக் காட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

தாத்தாவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. மலைக்குக் கீழே எதிரியின் தீவட்டிகளைப் பார்த்தார். தாத்தாவின் கை நடுங்கியது. யாரும் பார்க்கக்கூடாதென்று கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். தாத்தா பின்வாசலைத் திறந்தார். தாத்தா ஓடினார்.

தொக்சூ வாயைத் திறந்தார். அதிலிருந்து வந்தது அவரே எதிர்பாராத ஒன்று. "ஐயோ, எங்க போறீங்க தாத்தா?"

யாரும் சிரிக்கவில்லை. தாத்தா நாணல் புதருக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒளிந்து நின்றார். "குளிருமே!" என்றாள் என் பக்கத்தில் நின்ற கிழவி. கோட்டைக்குள் ஒரு குழந்தை இருமுவது தாத்தாவுக்குக் கேட்டது. மறுபடி இருமியது. விடியும்வரை தாத்தா அங்கேயே நின்று அழுதார். பிறகு அதே பின்வாசல் வழியாக உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

என் கன்னம் நனைந்திருந்தது. புத்தகமென்றால் தூங்குகிற எனக்கு! தாள்களைக் கோத்த ஒரு கட்டு அத்தனை ஆம்பிளைகளைத் தலைகுனிய வைத்துவிட்டதே என்று மலைத்து நின்றேன்.

பெரியவர் கேட்டார், "இது நெசமாவே நடந்துச்சா?"

"தெரியாது மாமா. எழுதினவனுக்கும் தெரியாது," என்றாள் யுன்ரே. "சரித்திர நாவல்ல நெசம் எது, கற்பனை எதுன்னு நான் சண்டைக்கெல்லாம் போறதில்ல. ஆள் மூச்சு விடறாரான்னுதான் பாப்பேன். இவர் விடறாரு. இத்தன வருஷமா நாம கும்புட்டோமே தவிர, அன்னிக்கு ராத்திரி அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு ஒருத்தராச்சும் நெனச்சோமா?"

தொக்சூ பூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். யாரும் சொல்லாமலேதான்.

பெரியவர் தன் தொப்பியை நேராக்கிக்கொண்டு, படையலின்போது உட்காருவதுபோல முழந்தாளிட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

"அந்த நாணல் புதர் இடத்த இன்னொரு தடவ படிம்மா," என்றார். "பாவம், அவ்வளவு நேரம் தனியா நின்னிருக்காரு. இந்தத் தடவ நாம எல்லாரும் கூட இருப்போம்."